மிளகியின் கையில் விழுந்த நீர்

கிட்ட வந்து உட்காருங்கள். இன்னும் கொஞ்சம் கிட்ட. இந்தக் கதையைச் சத்தம் போட்டுச் சொல்ல எனக்கு மனசு வராது. சின்னவர்கள் என் முழங்காலை இடித்துக்கொண்டு உட்கார்ந்தாலும் பரவாயில்லை. பெரியவர்களே, வெற்றிலையை இப்போதே போட்டு முடித்துவிடுங்கள். நடுவில் எழுந்து போனால் கதை கோபித்துக்கொள்ளும்.

நமக்குத் தெரிந்த ராசாக்களுக்கெல்லாம் முந்தின ராசா ஒருவர் ஆண்ட காலத்தில், ஆறு இரண்டாகப் பிரிகிற இடத்தில் தேவனேரி என்று ஓர் ஊர் இருந்தது. அந்த ஊரில் கண்ணுக்கு எட்டின வயல் எல்லாம் ஒரே ஒருவருக்குச் சொந்தம். அவரைக் கிழார் என்பார்கள். வயல் அவருக்குச் சொந்தம். வயலில் மேய்ந்த மாடு அவருக்குச் சொந்தம். வயலில் குனிந்து நின்ற மனிதர்களும் அவருக்குச் சொந்தம்.

சிரிக்காதீர்கள். மனிதர்கள் கூடச் சொந்தமா என்று கேட்காதீர்கள். அப்படி ஒரு காலம் இருந்தது. எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

மூன்று வருசம் மழை இல்லை. முதல் வருசம் விதை நெல்லைத் தின்றார்கள். இரண்டாம் வருசம் கிழங்கைத் தோண்டித் தின்றார்கள். மூன்றாம் வருசம் தோண்டுவதற்கும் தெம்பு இல்லை. அப்போது ஒருவன் பெண்டாட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு கிழாரின் முப்பாட்டனார் வாசலில் போய் நின்றான். ஒரு மரக்கால் கேழ்வரகு கொடுத்தார்கள். அதற்கு அவன், "என்னையும், என் வயிற்றில் பிறப்பவர்களையும், அவர்கள் வயிற்றில் பிறப்பவர்களையும், சூரியனும் சந்திரனும் இருக்கிற வரைக்கும் கொடுத்தேன்" என்று மூன்று தரம் சொல்லி, மூக்கு வைத்த கெண்டியால் அவர் கையில் நீரைத் தாரை வார்த்தான்.

அன்றைக்கு அவனுக்குப் பசி. அவ்வளவுதான். பசித்தவன் சொன்ன ஒரு சொல்லுக்கு, பிறக்காத பிள்ளைகள் எல்லாம் கட்டுப்பட்டார்கள். அந்தக் கேழ்வரகு எட்டு நாளில் தீர்ந்துபோயிற்று. அந்தச் சொல் தீரவே இல்லை.

அவன் வழியில் நாலாம் தலைமுறையாக வந்தவள் சேந்தி. நாற்று நடுகிற கையில் அவளைப்போல் வேகம் யாருக்கும் கிடையாது. பேச்சில் அவளைப்போல் அடக்கமும் யாருக்கும் கிடையாது. கிழார் வீட்டார் முன்னால் வாய் திறக்க வேண்டுமானால் கையை வாயில் பொத்திக்கொள்ள வேண்டும். பெற்ற பிள்ளையை "என் பிள்ளை" என்று சொல்லக் கூடாது, "கன்று" என்று சொல்ல வேண்டும். தாகம் எடுத்தால் குளத்துப் படியில் இறங்கக் கூடாது. எட்டி நின்று இரண்டு கையையும் சேர்த்து ஏந்த வேண்டும். பெரிய வீட்டுக்காரர்கள் யாராவது மனசு வைத்து, செம்பு பட்டுவிடாமல் உயரத் தூக்கி, மேலிருந்து ஊற்றுவார்கள். ஊற்றினதைக் குடித்துக்கொள்ள வேண்டும். ஊற்றுவது நின்றுவிட்டால், போதாது என்று கேட்கக் கூடாது.

சேந்திக்கு ஒரு புருசன் இருந்தான். பேர் உலகன். ஒரு நாள் அவள் களை பறித்துவிட்டு வந்து பார்த்தால் குடிசையில் ஆள் இல்லை. மண்வெட்டி மட்டும் சுவரில் சாய்ந்து இருந்தது. அதில் ஒட்டின மண் இன்னும் ஈரம் காயவில்லை. கிழாரின் தம்பி பாகம் பிரித்துக்கொண்டு மேற்கே மலையடிவாரத்துக்குப் போனாராம். அவருக்கு மூன்று பசுமாட்டையும் உலகனையும் தாரை வார்த்துக் கொடுத்தாயிற்றாம். மாடுகளுக்கு வழியில் தின்ன வைக்கோல் கட்டினார்கள். அவனுக்குப் பெண்டாட்டியிடம் ஒரு சொல் சொல்லிக்கொண்டு போக நேரம் கொடுக்கவில்லை.

மிச்சம் இருந்தது ஒரே மகள். மிளகி. ஒன்பது வயசு. மிளகு மாதிரியே சின்னது, கறுப்பு, சுறுசுறு. சேந்தி அவளைப் பார்த்துத்தான் காலையில் எழுந்தாள். அவளைப் பார்த்துத்தான் கஞ்சி குடித்தாள். அவளைப் பார்த்துத்தான் சிரித்தாள்.

இப்படி இருக்கையில் கிழாரின் மகள் நங்கைக்குக் கல்யாணம் கூடிவந்தது. மாப்பிள்ளை ஆற்றுக்கு அப்பால், ஏழு நாள் நடைத் தூரத்து ஊர். சீதனமாகப் பத்துப் பசு, ஒரு தென்னந்தோப்பு, நங்கைக்கு வீட்டுக்கு வெளியே ஏவல் செய்ய ஒரு சிறுமி என்று பேச்சு முடிந்தது.

அந்தச் சிறுமி யார் என்று நான் சொல்ல வேண்டுமா?

கல்யாணத்துக்கு மூன்று நாள் இருந்தது. மூன்று நாளில் சேந்தி மூன்று பேரிடம் போனாள்.

முதல் நாள் கிழாரிடம் போனாள். களத்து மேட்டில் அவர் நெல் தூற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் எட்ட நின்று விழுந்து கும்பிட்டாள்.

"ஆண்டே, எம் புள்ளையை விட்டுடுங்க ஆண்டே. எனக்கு அது ஒண்ணுதான்."

"என்னது? என்ன சொன்னே?"

"கன்னு... எங் கன்னு, ஆண்டே."

"ம். அப்படிச் சொல்லு." கிழார் கெட்டவராக முகத்தை வைத்துக்கொள்ளவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். "நீயே சொல்லிட்டே பாரு, கன்னுன்னு. கன்னைப் பிரிச்சா மாடு மூணு நாள் கத்தும். நாலாம் நாள் புல்லைத் தின்னும். நீயும் திம்பே, போ. மூணு ஊர் சனம் பார்க்கப் பந்தல்லயே தாரை வார்க்கப்போறேன். என் பெண்ணுக்கு நான் என்ன கொடுத்தேன்னு நாலு பேர் பேசணும்ல?"

பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். சேந்தி திரும்பி நடந்தாள். அழவில்லை. பந்தலில்தான், எல்லார் கண் முன்னாலும்தான் கொடுப்பார் என்பதை மட்டும் மனசில் முடிந்துகொண்டாள்.

இரண்டாம் நாள் ஊர்ச்சபைப் பெரியவர் விடங்கரிடம் போனாள். மூன்று ஊருக்கும் வழக்குத் தீர்க்கிறவர் அவர். ஒரு பக்கம் சாய மாட்டார் என்று பேர். ஏழைக்காகவும் சாய மாட்டார், அதுதான் அவரிடம் உள்ள குறை. ஆலமரத்தடியில் கயிறு திரித்துக்கொண்டு இருந்தார்.

"சாமி, தாரை வார்த்துக் கொடுத்ததைத் திருப்ப ஒரு வழியும் இல்லீங்களா?"

"இல்லை அம்மா. ராசாவே வந்தாலும் இல்லை."

அவளை அவர் 'அம்மா' என்றார். அவளுக்கு அது புதுசு. அந்தத் தைரியத்தில் இன்னொன்று கேட்டாள். "எப்படிச் செஞ்சா அது கொடுத்ததாகுது சாமி? எங்களுக்கு எட்ட நின்னு ஒண்ணும் தெரியலே."

விடங்கர் கயிற்றை நிறுத்தினார். இதை இதுவரைக்கும் யாரும் அவரிடம் கேட்டதில்லை. வாங்குகிறவர்களுக்குத் தெரியும், கொடுக்கிறவர்களுக்குத் தெரியும். கொடுக்கப்படுகிறவர்கள் கேட்டதே இல்லை.

"மூணு சேரணும். சொல், நீர், கை. கொடுக்கிறவர் 'கொடுத்தேன்'னு மூணு தரம் சொல்லணும். கெண்டி நீர் விழணும். அந்த நீர் யார் கையில நிக்குதோ, பொருள் அவங்களுக்கு. அப்புறம் கொடுத்தவரே நினைச்சாலும் அதை மறுபடி எடுத்துக் கொடுக்க முடியாது. அவர்கிட்டதான் அது இல்லையே."

"யார் கையில நின்னாலுமா சாமி?"

"மனுசக் கையா இருக்கணும். யார் கைங்கிறதுக்கு வேற ஒரு கட்டும் இல்லை."

சேந்தி கும்பிட்டுவிட்டு வந்தாள்.

மூன்றாம் நாள் கல்யாணப் பெண் நங்கையிடம் போனாள். பின்கட்டுக் கிணற்றடியில் நங்கை மஞ்சள் பூசிக்கொண்டு நின்றாள். மிளகி பிறந்ததிலிருந்து அவளுக்கு மிளகியைத் தெரியும். நல்ல பெண். கல்மிசம் இல்லாதவள்.

"பயப்படாதே சேந்தி. அவளுக்கு ரெண்டு வேளையும் சோறு போடுவேன். அடிக்க விடமாட்டேன். என் பழைய சேலையெல்லாம் அவளுக்குத்தான். நல்லா வச்சுக்குவேன்."

"வச்சுக்குவீங்க சின்னம்மா. எனக்குத் தெரியாதா? வச்சுக்கிறதுதான் சின்னம்மா எனக்கு வலிக்குது."

நங்கைக்கு அது புரியவில்லை. பேச்சை மாற்றினாள். "எங்க மாமனார் இருக்காரே, சுத்தம் சுத்தம்னு உயிரை வாங்குவாராம். மாப்பிள்ளைக்குக் காப்புக் கட்டியாச்சாம். அவிழ்க்கிற வரைக்கும் தீட்டு ஒண்ணும் படக் கூடாதாம், தலைமுழுக்கும் கிடையாதாம். பிள்ளையைப் பொம்மை மாதிரி உட்கார வச்சிருக்காங்களாம்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். பத்தொன்பது வயசுப் பெண், நாளைக்குக் கல்யாணம், சிரிக்கத்தானே செய்வாள்?

சேந்தி சிரிக்கவில்லை. நின்ற இடத்திலேயே நின்றாள். வாங்குகிறவர் பொருளைத் தொட்டு வாங்குவதுதான் வழக்கம் என்பதை அவள் எட்ட நின்றே பார்த்திருக்கிறாள். பசுவானால் வாலைப் பிடிப்பார்கள். நிலமானால் ஒரு பிடி மண்ணை எடுப்பார்கள். உலகனைக் கொடுத்தபோது கிழாரின் தம்பி அவன் தோளை ஒரு விரலால் தொட்டுவிட்டு, ஓடிப்போய்க் குளத்தில் முழுகினாராம்.

தலைமுழுக்கும் இல்லாத மாப்பிள்ளை எப்படித் தொடுவான்?

அன்று பொழுது சாய்கிற நேரத்தில் சேந்தி மகளைக் குடிசை வாசலில் நிறுத்தினாள். வாய்க்கால் தண்ணீரைச் சிரட்டையில் மொண்டு அவள் கையில் ஊற்றினாள்.

"கையை இறுக்கிக்க ஆத்தா. ஒரு சொட்டு விழக் கூடாது."

"எவ்வளவு நேரம்மா?"

"அந்தா அந்தக் கொக்கு மரத்துக்குப் போய்ச் சேர்ற வரைக்கும்."

மிளகிக்கு அது விளையாட்டு. முதல் தரம் சிந்தினாள். இரண்டாம் தரம் சிரித்துச் சிந்தினாள். மூன்றாம் தரம் கொக்கு மரத்தில் உட்கார்ந்து, சிறகை மடித்து, கழுத்தையும் உள்ளே இழுத்துக்கொண்ட பிறகும் தண்ணீர் கையிலேயே நின்றது.

"செயிச்சிட்டேன்!" என்றாள்.

சேந்தி அந்த ஈரக் கையை இழுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

மறுநாள் கல்யாணம். பந்தல் என்றால் பந்தல், மூன்று ஊர் சனமும் உள்ளே அடங்குகிற பந்தல். மேளம் என்றால் மேளம், பக்கத்தில் இருப்பவர் பேச்சுக் காதில் விழாத மேளம். பந்தலுக்கு வெளியே, வெயிலில், எட்டி நின்றார்கள் சேந்தியும் மிளகியும்.

முதலில் நங்கையை மாப்பிள்ளை கையில் தாரை வார்த்தார் கிழார். அடுத்துத் தென்னந்தோப்பு. ஓர் இளநீர்க் குலையைத் தொட்டு வாங்கினான் மாப்பிள்ளை. அடுத்துப் பத்துப் பசு. முதல் பசுவின் வாலைப் பிடித்து வாங்கினான். பசு வாலைச் சுழற்றி அவன் முகத்தில் ஒன்று கொடுத்தது. சனம் சிரித்தது.

"அடுத்தது சிறுமி" என்றார் கிழார்.

மிளகியைப் பந்தல் விளிம்புக்கு வரச் சொன்னார்கள். மாப்பிள்ளை எழுந்து வந்து கையை நீட்டினான். அவ்வளவுதான், அவன் அப்பா பாய்ந்து நடுவில் விழுந்தார்.

"தொடாதேடா! காப்புக் கட்டின கை!"

"தொடாம எப்படிச் சம்பந்தி வாங்குறது?" என்றார் கிழார்.

"அது உங்க பாடு. எம் பிள்ளை தொடமாட்டான்."

"ஏன் மாமா, மாட்டுக்கு வால் இருக்கு. இதுக்கு எதைப் புடிக்கிறது?" என்று கூட்டத்தில் ஒரு வாலிபன் கேட்டான். அதற்கும் சனம் சிரித்தது. சிரித்தவர்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. போகட்டும்.

ஒருவர் கோலால் தொடலாம் என்றார். செத்த மரம் சாட்சிக்கு ஆகாது என்றார் விடங்கர். ஒருவர் நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்றார். பந்தலில் சொன்னது பந்தலில் நடக்காவிட்டால் மானம் போகும் என்றார் கிழார். நாழிகை போகிறது, நல்ல நேரம் போகிறது, பந்தி பரிமாற நேரம் போகிறது.

அப்போதுதான் எட்டி நின்ற சேந்தி மண்ணில் விழுந்து கும்பிட்டாள்.

"ஆண்டே, தப்பா இருந்தா இந்த இடத்துலயே வெட்டிப் போடுங்க. ஒரு சொல் சொல்றேன்."

"என்னடி?"

"நீங்க எங்களுக்குத் தண்ணி ஊத்துற மாதிரியே, உசரத்துலேருந்து இவ கையில ஊத்துங்க. கீழே மாப்புள்ளையாண்டே கையை நீட்டட்டும். இவ கையிலேருந்து ஒழுகி அவுக கையில விழட்டும். தண்ணிதானே தொடுது? யாரும் யாரையும் தொட வேண்டாம்."

கிழார் விடங்கரைப் பார்த்தார். விடங்கர் கொஞ்சம் யோசித்தார். "கடைசியில நீர் எந்தக் கையில நிக்குதோ, அதுதான் கணக்கு. செய்யலாம்" என்றார்.

"அட, வயக்காட்டுக்காரிக்கும் மூளை இருக்கே!" என்று கிழார் மகிழ்ந்துபோனார். மேளக்காரர்களுக்குக் கையைக் காட்டினார்.

அப்புறம் என்ன ஆகும் என்று கிழாரும் சம்பந்தியும் ஏன் யோசிக்கவில்லை என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன். ஊற்றுகிறவர்கள் செம்பை மட்டும்தான் பார்ப்பார்கள். செம்பு பட்டதா, படவில்லையா, அதோடு சரி. ஊற்றின நீர் கீழே ஒரு கையில் விழுந்த பிறகு என்ன ஆகிறது என்று அவர்கள் ஒரு நாளும் பார்த்ததில்லை. ஏந்திக் குடித்தவளுக்குத்தான் தெரியும், தன் கையில் ஒரு தரம் விழுந்த நீரை இந்த உலகத்தில் எந்தப் பெரிய வீட்டுக் கையும் வாங்காது என்று. ஆயுசு முழுக்கத் தன்னை அவமானப்படுத்தின வழக்கத்தை அவள் தலைகீழாகத் திருப்பிப் பார்த்திருந்தாள்.

மிளகி கையைச் சேர்த்து ஏந்தினாள். கிழார் கெண்டியை உயரத் தூக்கினார்.

"கொடுத்தேன்."

நீர் விழுந்தது. மிளகி விரலை இறுக்கிக்கொண்டாள்.

"கொடுத்தேன்."

நீர் நிறைந்தது. மாப்பிள்ளை அவள் கைக்குக் கீழே தன் கையை நீட்டினான்.

"கொடுத்தேன்."

நீர் விளிம்பு கட்டி நின்றது. இனி மிளகி விரலைத் திறக்க வேண்டும். அப்போதுதான் மாப்பிள்ளையின் அப்பாவுக்கு உறைத்தது.

"ஏய்! ஏய்! அவ கையில பட்ட தண்ணியாடா வாங்கப்போறே? குலம் என்னத்துக்கு ஆகும்!" என்று மகனின் கையைப் பிடித்து இழுத்தார். இழுத்த வேகத்தில் இரண்டு பேரும் பூக்கூடையில் போய் விழுந்தார்கள்.

மேளம் நின்றுபோயிற்று.

நடுப் பகல் வெயிலில், ஒன்பது வயசுப் பெண் இரண்டு கையிலும் நீரை ஏந்திக்கொண்டு ஒற்றையாய் நின்றாள்.

கிழார் விடங்கரைப் பார்த்தார். சம்பந்தி விடங்கரைப் பார்த்தார். மூன்று ஊர் சனமும் விடங்கரைப் பார்த்தது. விடங்கர் சேந்தியைப் பார்த்தார். பார்த்து, மெல்ல எழுந்தார்.

"மூணு தரம் சொல்லியாச்சு. நீரும் விழுந்தாச்சு. நீர் இந்தக் குழந்தை கையில நிக்குது. கிழார் மிளகியை மிளகிக்கே கொடுத்துட்டார்."

"இது என்ன கூத்து!" என்று கிழார் கத்தினார்.

"கூத்து இல்லை ஐயா. சொல், நீர், கை. உங்க முப்பாட்டனார் காலத்துலேருந்து நீங்க வாங்கினதெல்லாம் இந்த வழக்கத்தாலதான். இது பொய்யின்னா அதெல்லாமும் பொய். எது வேணும், சொல்லுங்க."

கிழார் கெண்டியைக் கீழே வைத்தார். விடங்கர் குழந்தையிடம் திரும்பினார். "இனி அந்த நீர் உன்னோடது தாயி. அதை வச்சுக்கிட்டு என்ன செய்யப்போறே? யார் கையில ஊத்துறியோ, நீ அவங்களுக்கு. உன் இஷ்டம்."

உன் இஷ்டம். இந்த ஒரு சொல்லை அவளிடம் அதுவரைக்கும் யாரும் சொன்னதில்லை. அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நீர் விரலிடுக்கில் ஒரு சொட்டு, ஒரு சொட்டாக இறங்கத் தொடங்கிற்று.

கிழார் சும்மா இருப்பாரா? "கீழே ஊத்துடி!" என்று அதட்டினார். அதட்டினால் கேட்டே பழகின உடம்பு அல்லவா? மிளகியின் கை சாய்ந்தது.

"விடாதே ஆத்தா! கீழே போனா உன் கையில நிக்கலேம்பாக! மண்ணும் அவுகளோடது!" என்று கத்தினாள் சேந்தி. மிளகி கையை நிமிர்த்திக்கொண்டாள்.

கிழார் இரண்டடி முன்னால் வந்து தன் கையையே நீட்டினார். நீட்டின கை பாதியில் நின்றுவிட்டது. மூன்று ஊர் சனம் பார்த்துக்கொண்டு இருக்கிறது. சம்பந்தி பார்த்துக்கொண்டு இருக்கிறார். மிளகியின் கை நீரை வாங்கினால் ஊருக்குள் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. வாங்காவிட்டால் மிளகி போய்விடுவாள். கையை மடக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

பிறகு அவர் குரல் மாறிப்போயிற்று. பாலில் வெல்லம் போட்ட மாதிரி இனிப்பு. "பயப்படாதே குழந்தை. உனக்கு யாரை ரொம்பப் பிடிக்கும்? உங்க அம்மாவைத்தானே? போ, அம்மா கையிலேயே ஊத்திடு. அம்மாவோடயே இரு."

மிளகியின் முகம் மலர்ந்துபோயிற்று. ஆமாம், அம்மா இருக்கிறாளே! அடி மேல் அடி வைத்து, சிந்தாமல், கையில் இருந்த நீரை நோக்கித் தலையைக் குனிந்துகொண்டு, அம்மாவிடம் நடந்தாள். விடங்கர் கண்ணை மூடிக்கொண்டார். வழக்குத் தெரிந்தவருக்கு அந்த இனிப்பில் இருந்த தூண்டில் தெரிந்தது. மிளகியைக் கிழார் தம் வாயாலேயே கொடுத்துவிட்டார், சேந்தி இன்னும் அவருடைய அடிமை. அடிமையின் கைக்கு வருவதெல்லாம் ஆண்டைக்குச் சொந்தம்.

"அம்மா, இந்தா. நான் உனக்கு" என்றாள் மிளகி.

இந்த உலகத்தில் எந்தத் தாய்க்கு அந்தச் சொல்லைக் கேட்டுக் கை நீளாது? சேந்தியின் கையும் நீண்டது. பாதி நீண்டது.

பிறகு சேந்தி தன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கட்டிக்கொண்டாள்.

மிளகிக்கு உதடு பிதுங்கிற்று. அவள் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிற அம்மா. நத்தை ஓடு கொடுத்தால் வாங்கிக்கொள்வாள். கடித்த மாங்காய் கொடுத்தால் வாங்கிக்கொள்வாள். "ஏம்மா? நான் வேண்டாமா?"

"எனக்கு வேண்டாம்டி கண்ணு" என்றாள் சேந்தி. அப்போதும் கை முன்னால் வரவில்லை. "யாருக்கும் வேண்டாம். அது உன்னோடது. தாகமா இருக்குல்ல? நீயே குடிச்சிடு."

மிளகி அம்மாவைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள். மிச்சம் ஒரு வாய் நீர்தான் இருந்தது. குனிந்து குடித்தாள். ஒரு சொட்டு மீதி வைக்காமல் குடித்தாள்.

"முடிஞ்சுது" என்றார் விடங்கர். "இனி அதை வாங்க ஒருத்தராலும் ஆகாது."

பந்தலுக்குள்ளே மணையில் உட்கார்ந்திருந்த நங்கை தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு இருந்தாள். அவளையும் கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அதே கெண்டியால்தான் தாரை வார்த்திருந்தார்கள்.

அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பொய் சொல்ல மாட்டேன். சேந்தியை யாரும் விடவில்லை. கிழார் அன்றைக்குப் பட்ட அவமானத்தை அவள் முதுகில்தான் இறக்கினார். அவள் சாகிற வரைக்கும் அந்த வயலில்தான் நட்டாள், அந்த வயலில்தான் அறுத்தாள். உலகன் திரும்பி வரவே இல்லை. ஆனால் மிளகி அம்மாவின் குடிசையில் தன் இஷ்டத்துக்கு இருந்தாள், தன் இஷ்டத்துக்கு வளர்ந்தாள், தன் இஷ்டப்பட்டவனைக் கட்டிக்கொண்டாள். பிறந்த பிள்ளைகளை வாசலில் நின்று, ஊருக்கே கேட்கிற மாதிரி, "என் பிள்ளை, என் பிள்ளை" என்று கூப்பிட்டாள். அந்தக் கூப்பாட்டைக் கேட்கிற நேரமெல்லாம் சேந்தி நடவை நிறுத்தி இடுப்பை நிமிர்த்திக்கொள்வாளாம்.

கதையில் இருக்கிற நீதியை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதற்குப் பிறகு ஒரே ஒரு காரியம்தான் மிச்சம் இருக்கிறது. ஒரு மனிதர் தமக்கு மட்டுமே சொந்தம். வேறு எந்தக் கைக்கும், அன்பு நிறைந்த கைக்கும்கூட, அவரைச் சொந்தம் கொண்டாட உரிமை கிடையாது.

மிச்சம் இருக்கிற காரியம் இதுதான். மிளகி கடைசிச் சொட்டையும் குடித்து, வெறும் கையை விரித்துக் காட்டின பிறகு, சேந்தி முதுகுக்குப் பின்னால் இருந்த கையை முன்னால் எடுத்தாள், மகள் முன்னால் மண்டி போட்டாள், அவள் மோவாயில் வழிந்த ஈரத்தை முந்தானையால் மெல்லத் துடைத்துவிட்டாள்.